இரண்டு சாம்பல் பட்டைகள்

எங்கள் வீட்டு ஹாலுக்கு என்ன கலர் அடிப்பது என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வாரம் பேச்சு நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வடக்குப்பட்டில் புதிதாகக் கட்டிய வீடு. பெயின்டர் சுவரில் இரண்டு பட்டை அடித்துக் காட்டியிருந்தார். பகலில் இரண்டும் ஒரே சாம்பல்தான். டியூப்லைட் போட்டால் ஒன்றில் நீலம் எட்டிப் பார்க்கும். மற்றதில் ஈர மணல் மாதிரி லேசாகப் பழுப்பு தெரியும்.

அப்பா ஒரகடத்தில் கம்பெனி வேன் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் ரிசப்ஷனைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தவர். "நீலம் அடிச்சா கம்பெனி கணக்கா இருக்கும்" என்றார். அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்த அம்மாவுக்குப் பழுப்புதான் பிடித்தது. "அது ஜில்லுனு கீது. இதான் வூடு மாதிரி கீதுங்க" என்றாள். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. நான் அப்பா கட்சி. நீலம் ஜெயித்தது.

குடிபோன பிறகு, அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பாடும் அங்கேதான். கேட்டால், "காத்து வருதுடி" என்பாள்.

அந்த வருடம் கம்பெனியில் ஒருநாள் குடும்பங்களை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். அம்மா தான் நிற்கும் இடத்தைக் காட்டினாள். மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள். எதிரே நீளமாக ஒரு சுவர்.

"அப்பா, நம்ம வூட்டு கலரு!" என்று கத்தினேன். எனக்கு ஒரே பெருமை.

அப்பா சுவரையே பார்த்தார். "எட்டு மணி நேரமும் இங்கியேவா நிக்கிற?"

"ஓ.டி. இருந்தா பன்னெண்டு" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அம்மா ஷிப்டுக்குக் கிளம்பியதும் அப்பா பெயின்ட் டப்பாவோடு வந்தார். பழுப்புச் சாம்பல். "இன்னாப்பா, நம்ம கலர்தானே ஜெயிச்சுது?" என்று அழுதேன்.

"ரோலரப் புடி" என்றார்.

சாயங்காலத்துக்குள் முடித்தோம். மூலையெல்லாம் கோணல்மாணல்.

அம்மா வந்து வாசலிலிருந்தே சுவர்களைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் ஐடி கார்டோடு ஹால் நடுவில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எழுப்பிக் கேட்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, ஃபேனைக் கூட்டி வைத்தார். கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்த ஹாலில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.