கமரா எனக்கு, விளக்கம் இவருக்கு

இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கமராக் கடைக்கு நானும் கணவரும் போய் வந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு வருடமாகப் போனில் படமெடுத்து, வீடியோ பார்த்துப் பழகி, இனி ஒரு நல்ல சின்னக் கமரா வாங்கலாம் என்று துணிந்திருந்தேன். கோயில் மாலைத் திருவிழாவில் முருகன் வெளிவீதி வரும்போது, பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து, தீப வெளிச்சத்திலேயே படம் தெளிவாக விழவேண்டும். சாமியின் முகத்துக்கு பிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் என் கணவரைப் பார்த்து, "அண்ணை, இதிலை பிளாஷ் நல்லா அடிக்கும்" என்றார்.

"பிளாஷ் வேண்டாம் எண்டெல்லே சொன்னனான். இருட்டுக்கை இந்த லென்ஸ் எப்பிடி?"

"அக்காவுக்கு உதெல்லாம் ஏன்? பாரமில்லாத கமரா அண்ணை, பொம்பிளையளுக்குச் சுகம்."

இவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். இவர் எடுத்த படங்களில் பாதியில் இவருடைய விரல்தான் தெரியும்.

"கடை லைற்றை நிப்பாட்டுங்கோ, ஒரு படம் எடுத்துப் பாப்பம்" என்றேன்.

"அண்ணைக்கு எல்லாம் விளங்கீட்டுது அக்கா."

எழும்பி வந்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிளடியில் இவர், "ஏனப்பா கோவிக்கிறீர்? அந்தாள் வடிவாத்தானே விளங்கப்படுத்தினது" என்றார்.

"உங்களுக்கு என்ன விளங்கினது?"

கொஞ்சம் யோசித்தார்.

"கமராப் பை சும்மா தருவினமாம்."

கோயில் கொடியேற முன் கமரா வாங்கவேண்டும். கேட்கிறவளுக்கே பதில் சொல்லும் கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை இவர் வெளியே நின்று மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொள்வார்.