ஈரக் கை

லேத் பட்டறையில் அவருக்கு 'நாற்பது நாள்' என்று பெயர் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். புது மீன் எது வந்தாலும் நாற்பது நாள் பின் அறையில் தனித் தொட்டியில் கிடந்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும். இவர் வீட்டுக்கு மருமகன் வந்தால் முதல் நாற்பது நாள் குளியலறையில்தான் படுக்கை என்பார்கள் பட்டறையில். என்னையும் அப்படி வைத்திருந்தால் ஓடியே போயிருப்பேன் என்பாள் மனைவி.

அவர் பழக்கத்தை விடவில்லை. ஆரம்பத்தில், கடைக்காரன் பேச்சை நம்பி, வாங்கிய அன்றே விட்ட ஒரு மீனால் நோய் பரவித் தொட்டியே துடைத்துக்கொண்டு போயிருந்தது. தப்பியது உள்ளங்கை அகல மஞ்சள் மீன் ஒன்றுதான். இப்போதுள்ள மற்ற ஐந்தும் பிறகு வந்தவை.

புதிதாய் வாங்கிய ஒரு மீனுக்கு இருபத்தோராம் நாள் காலை. பின் அறையில் அதன் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பம்பு நின்றது. ஓடிப்போய் அதே ஈரக் கையை முழங்கைவரை விட்டு அடைப்பை எடுத்தார். பம்பு ஓடியது. அப்புறம்தான் கையைப் பார்த்தார். இரண்டு வலை, இரண்டு வாளி, இரண்டு துணி என்று பிரித்து வைத்திருந்தவருக்குக் கை மட்டும் ஒரு ஜோடிதான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அதிலிருந்து ஐந்தாம் நாள் பின் அறையில் புது மீன் செத்து மிதந்தது. அப்போதும் பார்க்கலாம் என்றிருந்தார். ஏழாம் நாள் மஞ்சள் மீனின் மேல் மாவு தூவியதுபோல் புள்ளிகள்.

பெரிய தொட்டியில் மருந்து ஊற்ற முடியாது, பவளங்கள் செத்துவிடும். மீன்களைப் பிடித்து மருந்துத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். பிடிப்பதென்றால் அவை ஒளிந்துகொள்ளும் கற்களைப் பிரிக்க வேண்டும். ஒரு வருடமாய் இடம் பார்த்துப் பார்த்து அடுக்கிய கற்கள்.

பிரித்தார். மனைவி ஒவ்வொன்றாய் வாங்கி வாளியில் வைத்தாள். தண்ணீர் கலங்கிப்போனது. பவளம் ஒன்று விரல் பட்டு உடைந்து வந்தது.

"நாப்பது நாள் வைப்பீங்களே, அப்புறம் எப்படி வந்துச்சு?"

"என் கைதான். போன வாரம். பம்பு நின்னப்போ."

அவள் கல்லைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே பிடிச்சிருந்தா?"

அவர் அடுத்த கல்லை எடுத்து நீட்டினார். மஞ்சள் மீன் கடைசிக் கல்லின் பொந்தில் செருகிக்கொண்டிருந்தது. வலை போகவில்லை. கல்லோடு தூக்கி மருந்துத் தண்ணீருக்கு மேலே பிடித்தார். நீர் வடிந்ததும் மீன் தானாக விழுந்தது. பக்கவாட்டில் கிடந்தது. செவுள் வேகமாக அடித்தது, பிறகு விட்டு விட்டு அடித்தது. அவர் கல்லைக் கையில் வைத்தபடியே குனிந்து நின்றார். கைலியெல்லாம் உப்புத் தண்ணீர்.

மனைவி குனிந்து பார்த்தாள்.

"அது போயிடுச்சுங்க," என்றாள். அவர் கையிலிருந்து கல்லை வாங்கிக்கொண்டு வலையை நீட்டினாள். "இன்னும் அஞ்சு இருக்கு."