காந்தத்தில் ஒட்டிய எட்டணா

நயா பைசா வந்த புதிதில் எங்கள் ஊரில் யாருக்கும் சில்லறை மேல் நம்பிக்கை இல்லை. பழைய அணாவும் புதுக்காசும் கலந்து புழங்கின. கள்ள எட்டணா நடமாடுகிறது என்று வேறு பேச்சு. கடைக்காரர்கள் காசைக் கல்லில் போட்டுச் சத்தம் கேட்டார்கள். சிலர் காந்தமும் வைத்திருந்தார்கள்.

ஒரு மாலை காப்பித்தூள் வாங்க மகளோடு பெரிய மார்க்கெட்டுப் பக்கம் போனேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. காசை நீட்டியவள் அவள்தான். குருசுக்குப்பத்து மீன்காரம்மா காலையில் மீதி கொடுத்த எட்டணா அது. விளிம்பு நசுங்கி, குறுக்கே வெடிப்பு விழுந்து, ஒரு பக்கம் கறுத்திருந்தது. கடைக்காரர் கல்லில் போட்டார். 'டொக்' என்றது. காந்தத்தைக் காட்டினார். காசு தாவி ஒட்டிக்கொண்டது.

"இரும்பு! எல்லாரும் பாத்துக்குங்க. கள்ளக்காச சின்னப் பொண்ணு கையில குடுத்து மாத்துறாங்க. இவரு சட்டை மட்டும் எவ்ளோ வெள்ளை பாரு!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் முனையில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட ஓடினார். பெண்பிள்ளையின் பெயர் ஸ்டேஷனில் ஏறிவிட்டால் என்ன செய்வது? எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவசரமாக வேறொரு காசை எடுத்தேன்.

"இந்தாங்க, இத வெச்சுக்குங்க. அத வுட்டுடுங்க."

மகள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேணாம்ப்பா. மாத்திக் குடுத்தா கள்ளக்காசுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பிறகு கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, வெடிச்ச மணியும் டொக்குன்னுதான் கேக்கும். உங்க பெட்டில சிங்கம் போட்ட எட்டணா இருக்குமில்ல? அதையும் காந்தத்துல வெச்சுப் பாருங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கூட்டத்தில் கீரைக்கட்டோடு நின்ற ஒரு அம்மாள், "வெச்சுத்தான் பாரேன்யா. காந்தம் ஒன்னக் கடிச்சுடுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்து வைத்தார். ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது.

"சிங்கம் போட்டதெல்லாம் நிக்கல்ணே. இரும்பு மாதிரியே அதுவும் ஒட்டும்."

பள்ளிக்கூடத்தில் காந்தப் பாடம் நடந்த நாளிலிருந்து வீட்டில் சாவி, கரண்டி, பூட்டு என்று எதையும் அவள் காந்தம் வைத்துப் பார்க்காமல் விட்டதில்லை. என் சட்டைப்பையையும் விட்டிருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து அவர் எடுத்த காசு பளபளவென்று இருந்தது. அதுவும் சிங்கம் போட்டதுதான். ஆனால் ஒட்டவில்லை. மகள் அதை எங்கள் காசுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எங்களுடையதில் நசுங்காத இடமெல்லாம் விளிம்புக் கோடுகள் கூர்மையாக இருந்தன. பளபளத்ததில் கோடே இல்லை. எழுத்தெல்லாம் மெழுகில் பதித்ததுபோல் மழுங்கிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி வந்து நின்றது. "யாருகிட்டயா கள்ளக்காசு?"

கூட்டம் கடைக்காரரைக் காட்டியது. நன்றாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு குதூகலம். மகளோ, "சார், அவருக்கே தெரியாது. யாரோ அவர் தலையில கட்டிட்டுப் போயிருக்காங்க. தெரிஞ்சிருந்தா அவரே எடுத்து எல்லார் முன்னாடியும் வெப்பாரா?" என்றாள்.

போலீஸ்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனிமே பாத்து வாங்குய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் தூளை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். நசுங்கிய எட்டணாவை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். "பாத்துப் போம்மா" என்றார்.

திரும்பும் வழியில் நான் பின்தங்கியே நடந்தேன். அவள் பொட்டலத்தை முகர்ந்தபடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வாங்கப்பா, அம்மா அடுப்புல தண்ணி வெச்சிருக்கும்."