புரட்டாசிச் சனிக்கிழமைப் போர்

நகரியிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் கன்னிகாவுக்கு மூன்றாவது வரிசை ஜன்னல் சீட். நாளெல்லாம் நின்றபடி ஒயர்களைச் சோதிக்கிறவள், போக வர மூன்று மணி நேரம் விண்வெளியை ஆண்டாள். எல்லாம் போனில் ஆடும் ஆட்டம்தான். பஸ்ஸில் எட்டுப் பேர் ஓர் அணி, அவள் தளபதி. சரக்குக் கப்பல் ஒன்றைத் தனியே அலையவிடுவாள். எதிரி துரத்தி வந்ததும், நிலவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த போர்க்கப்பல்கள் பாயும். மூன்று வருஷமாக அந்த வித்தைக்கு பஸ்ஸே கைதட்டியது.

ஆடியில் பிரித்திகா வேலைக்குச் சேர்ந்தாள், கூடவே அணியிலும். புத்தூர்க்காரி, தெலுங்கில் படித்தவள். குறி பார்த்துச் சுடக்கூடத் தெரியாது. ஆனால் திருமலை ஓட்டல்களில் வேலை செய்கிறவர்களின் எதிரணியோடு தெலுங்கில் பேசிப் பேசியே இரண்டு கிரகங்களை வாங்கிவிட்டாள். ஒரு குண்டு செலவில்லை.

"வாயாலயே ராஜ்ஜியம் புடிக்குதுப்பா இந்தப் பொண்ணு!" என்றான் பின்சீட்டு தீனா.

கன்னிகாவுக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை தளபதி பதவிக்கு ஓட்டெடுப்பு. பாதிப்பேர் இப்போதே பிரித்திகாவின் சீட்டைச் சுற்றி உட்காருகிறார்கள்.

புரட்டாசியில் தமிழ்நாட்டுக் கூட்டம் மலையேறும். சனிக்கிழமைகளில் எதிரணிக்காரர்களுக்குப் போனைத் தொட நேரமிருக்காது. அதனால் சனிக்கிழமை சண்டையில்லை என்று பிரித்திகாதான் ஒப்பந்தம் பேசியிருந்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை காலை, பஸ் சத்தியவேடு தாண்டுவதற்குள், கன்னிகா எதிரியின் நீல வளையக் கிரகத்தைப் பிடித்துவிட்டாள். வெறும் பதினோரு நிமிஷம்.

"புடிச்சிட்டேன்!" என்று எழுந்து நின்றாள். யாரும் கைதட்டவில்லை.

"இது சண்டையா க்கா?" என்றான் தீனா. "அவன் இட்லி எடுத்துனு ஓடிக்கினு இருக்கான், நீ பின்னால போயி பாக்கெட்ல கை வுட்டுக்கினு வர்றே."

சற்று நேரத்தில் பிரித்திகாவின் போன் அடித்தது. எதிரணித் தலைவர் முனிகிருஷ்ணன். தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தியது பஸ் முழுக்கக் கேட்டது.

"தப்பு நாதே அன்னா," என்றாள் பிரித்திகா. தப்பு என்னுடையதுதான், சனிக்கிழமை கணக்கை நான் சரியாகச் சொல்லவில்லை, கிரகத்தை இப்போதே திருப்பித் தருகிறோம். ஐந்து நிமிஷத்தில் அவர் சிரித்துவிட்டார்.

கன்னிகாவுக்கு அந்தக் கோபமே தேவலை போலிருந்தது. அவருடைய ஆட்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து தன் அணியை அழித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிரித்திகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பழிய இன்னாத்துக்குடி நீ ஏத்துக்கினே?"

"சும்மா இல்ல க்கா. தளபதி நீயே இரு. திங்கக்கிழமை என் ஆளுங்க ஓட்டும் உனக்குத்தான். ஆனா இனிமே நான் சரின்னு சொல்லாம ஒரு கப்பலும் கிளம்பக் கூடாது."

கன்னிகா ஜன்னலைப் பார்த்தாள். இதைவிட நல்ல பேரம் அவளுக்கே தோன்றியிருக்காது. அதுதான் இன்னும் எரிந்தது. தலையாட்டினாள்.

திங்கட்கிழமை எல்லாக் கைகளும் அவளுக்கே உயர்ந்தன. அன்று மாலை, எல்லை ஓரம் கொழுத்த எதிரிக் கப்பல் ஒன்று துணையில்லாமல் மிதந்தது. கன்னிகாவின் விரல் திரைமேல் நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

"இரு க்கா," என்றாள் பிரித்திகா, வாய் நிறைய போண்டாவோடு. "துன்னுட்டு சொல்றேன்."