கிரீஸ் போகும் வாயில் நீலப் பெயிண்ட்

போன வாரம் என் வீட்டுக்காரர் வயல் வரப்பில் நின்றுகொண்டு, ஊர்ப் பெண்களிடம் ஊக்கு கேட்டார்.

ஊக்குதான். புடவைக்குக் குத்துவோமே, அந்த சேஃப்டி பின். ராணுவத்தில் இருந்தவர், முறுக்கிய மீசைக்காரர், சொந்தக்காரர் வீட்டில்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்காதவர்... "யம்மா, யாருகிட்டயாவது ஊக்கு இருந்தா குடுங்கம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரே பெருமை! இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? சொல்கிறேன்.

செஞ்சியில் இவருக்குப் பேர் மில்ட்ரி. இமயமலைப் பக்கம் மெக்கானிக்காக இருந்தார். அங்கே பழைய காலத்துப் பனி வண்டிகள் சிலவற்றை இவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சக்கரம் கிடையாது, பீரங்கி வண்டி மாதிரி பெல்ட்டில் ஓடும். பெல்ட்டுக்கு உள்ளே வரிசையாக ரோலர்கள். அந்த ரோலர்களுக்குக் கிரீஸ் அடிப்பதுதான் இவர் வேலையில் முக்கியமானது. அந்தக் குளிரில் கிரீஸ் மார்கழி நெய்யாக உறைந்துவிடுமாம். அதனால் கிரீஸ் அடிக்கிற குழாயை, அதான் கிரீஸ் கன்னை, கோட்டுக்குள்ளே அணைத்துவைத்துச் சூடேற்றிக்கொள்வாராம்.

இந்தக் கதை செஞ்சி பஜாரில் கேட்காத ஆள் கிடையாது. யாருடைய சைக்கிள் செயின் கழன்றாலும் பேச்சு எப்படியோ இமயமலை ஏறிவிடும். கடைசியில் ஒரு வேதவாக்கு வேறு.

"ரோலருக்குக் கிரீஸ் அடிச்சா வெளிய வழியணும். வழிஞ்சா உள்ள ரொம்பிடுச்சின்னு அர்த்தம்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். ஒருநாள் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தபோதும் இதையேதான் சொன்னார்!

ரிட்டயர் ஆகி வந்ததும், செக்யூரிட்டி வேலைக்குப் போகச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இவர் கேட்டால்தானே? செகண்ட் ஹேண்டில் ஒரு நெல் அறுக்கும் வண்டி வாங்கினார். டயர் வண்டி இல்லை — பெல்ட் வண்டி. சேற்றிலும் புதையாமல் போகும். வீட்டு வாசலில் அதை இறக்கியபோது குழந்தை மாதிரி சிரித்தார்.

"பனிக்குப் பதிலு சேறு. அவ்ளோதான் மல்லி!"

வாங்கிய கொஞ்ச நாளில் பொங்கல் வந்தது. சர்வீஸில் இருந்தவரை மாட்டுப் பொங்கலுக்கு அவருக்கு லீவு கிடைத்ததே இல்லை. போனில் "பொங்கலோ பொங்கல்" சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இந்த வருஷம்தான் வீட்டில் இருக்கிறார். ஆனால் வீட்டில் மாடு இல்லை. வண்டிதான் இருக்கிறது.

அதனால் என்ன? வண்டியைக் குளிப்பாட்டினார். மாலை போட்டார். கொம்புக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார். வண்டிக்கு ஏது கொம்பு என்று கேட்டேன்.

இருந்தது! ஒவ்வொரு ரோலரிலும், கிரீஸ் ஏற்றுவதற்கென்று ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். கிரீஸ் நிப்பிள் என்பார்கள். அதன் நுனியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு வாய். அந்தக் குமிழ் அத்தனையையும் கன்றுக்குட்டிக் கொம்பாகவே பாவித்து, மூடி மூடி நீலம் அடித்தார். பிறகு தட்டைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று வண்டியைச் சுற்றி வந்தார் பாருங்கள்... இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சாந்தாவின் வயலுக்கு நாங்கள் போகும் வரை.

சாந்தா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சிங்கவரம் போகிற வழியில் அவளுக்கு நிலம். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. மழை வரும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் படுத்துவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும், அவளுடைய மொத்த உழைப்பும் போச்சு. வெளியூர் வண்டிக்காரர்கள் வாசலில் வந்து கேட்டும், "எங்க அண்ணன் வண்டிதான் மொதல்ல எறங்கணும்" என்று சொல்லிவிட்டாள். எங்களுக்கும் அதுதான் முதல் வயல். அங்கே வண்டி படுத்துக்கொண்டால் அப்புறம் செஞ்சி தாலுக்காவில் யார் எங்களைக் கூப்பிடுவார்கள்?

காலையில் நானும் கூடப் போனேன். வண்டி நுழையாத வயல் மூலைகளைக் கையால் அறுக்கப் பெண்கள் வந்திருந்தார்கள். பார்க்க ஆள் கூடிவிட்டால் இவருக்குக் கேட்க வேண்டுமா? இமயமலைக் கதையைச் சொல்லிக்கொண்டே ரோலர் ரோலராகக் கிரீஸ் அடித்தார். கிரீஸ் பிதுங்கி வழிந்தது. "பாத்தீங்களா, ரொம்பிடுச்சி!" என்றார்.

பாதி வயல் அறுத்திருப்பார். வண்டியின் அடியிலிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். உடனே நிறுத்தி இறங்கினார். ரோலரில் புறங்கையை வைத்தவர், சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். கொதித்தது.

நிமிர்ந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி தெரியவில்லை. மேகம் இறங்கிவிட்டது.

சாந்தா ஓடி வந்தாள். "இன்னாண்ணே ஆச்சி? மழ வருதுண்ணே..."

இவர் குனிந்து ஒரு குமிழைத் துணியால் துடைத்தார். கிரீஸ் போனதும் நீலம் தெரிந்தது. அடுத்ததைத் துடைத்தார். அதிலும் நீலம். பக்கத்தில் நின்ற எனக்கும் புரிந்துவிட்டது. வாயைப் பெயிண்ட் அடைத்திருக்கிறது. காலையில் வழிந்த கிரீஸ் உள்ளே நிறைந்து வழியவில்லை. உள்ளே போகவே முடியாமல் வெளியே பிதுங்கியிருக்கிறது.

வழிவதைப் பார்த்துவிட்டு நிறைந்துவிட்டது என்று நாம் நம்புவது கிரீஸில் மட்டும்தானா? அதை இன்னொரு வாரம் பேசலாம். அன்றைக்கு யோசிக்க நேரமில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விஷயம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். 'பழைய வண்டி, ரோலர் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுங்க' — என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ரசத்தில் உப்பு கூடிப்போனால் உப்புப் பாக்கெட்டைக் குறை சொல்கிற உலகம்தானே இது?

மனுஷன் வண்டியின் படியில் ஏறி நின்றார்.

"சாந்தா, வண்டி மேல தப்பு இல்ல. பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு கிரீஸ் போற ஓட்டைய நான்தான் அடைச்சிட்டேன். காலைல அடிச்சது ஒரு சொட்டுகூட உள்ள போவல. இப்டியே ஓட்டுனா ரோலர் புடிச்சிக்கும், வண்டி நட்ட நடு வயல்ல நின்னுடும். அரை மணி நேரம் குடுத்தா சரி பண்றேன். வேற வண்டி கூப்புடுறதுன்னாலும் கூப்புடு. நான் தப்பா நெனக்க மாட்டேன்."

எனக்குக் காது மடல் சூடானது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பனி மலையில கூட பெயிண்டுதான் அடிச்சியா மில்ட்ரி?" என்றாள் இன்னொருத்தி. இவர் முகம் சிவந்தது.

சாந்தா வானத்தைப் பார்த்தாள். நெல்லைப் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள்.

"மறைக்காம சொல்லிட்ட இல்ல? பண்ணுண்ணே. நீயே பண்ணு."

அப்போதுதான் வரப்புக்கு வந்து ஊக்கு கேட்டார். சிரித்தவர்களே முதலில் கொடுத்தார்கள்! தாலிக் கயிற்றிலிருந்து, வளையலிலிருந்து, முந்தானையிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். "முந்தானி நழுவுனா நீதாம்ப்பா பொறுப்பு" என்றாள் ஒரு பெரியம்மா. பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வந்து, சேற்றில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு குமிழின் வாயையும் ஊக்கால் சுரண்டினார். நான் துணியால் துடைத்துக் கொடுத்தேன். மறுபடி கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினார். இந்த முறை ரோலரின் ஓரத்திலிருந்து கன்னங்கரேல் என்று பழைய கிரீஸ் வெளியே வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்பிடுச்சி" என்று சொல்லவில்லை.

வண்டி மறுபடி இறங்கியது. சத்தம் இல்லை. மூலைகளை அறுத்து முடித்த பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை, நின்று பார்த்தார்கள். கடைசி நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. சாந்தா அந்தத் தார்ப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

உறைபனியில் நின்று அவர் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அதை நான் பார்த்ததில்லை, அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இதைக் கண்ணால் பார்த்தேன். கிண்டல் பண்ணத் தயாராக ஒரு ஊரே நிற்கும்போது, மீசையை வைத்துக்கொண்டு "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

மறுநாள் எப்படித் தூங்கி எழுந்தோம் தெரியுமா? ஊரெல்லாம் பேசியிருக்கும், இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தோடுதான். காபி குடிக்கும்போது அவருடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பனமலையிலிருந்து யாரோ ஒரு விவசாயி.

"யம்மா, தான் பண்ண தப்ப தானே சொன்னாராமே ஒரு மில்ட்ரிக்காரரு... அவரு வண்டிதான் எங்களுக்கு வோணும். வருவாரா?"

"இதோ குடுக்கிறேன்" என்று போனை நீட்டினேன். என் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது.

இருக்கட்டுமே!