அறுபத்தாறில் ஓட வேண்டிய ரேம்

தொண்ணூறுகளின் கடைசியில், கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தை வடிவமைத்து, டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. என் வீட்டுக்காரர் பம்பு மோட்டார் பட்டறையில் சூப்பர்வைசர். எந்த மெஷினைக் கண்டாலும் அது இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடாதா என்று பார்ப்பது அவர் குணம். எங்கள் மிக்ஸி அப்படித்தான் செத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டுக்குப் போய் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிடக்கூட உட்காராமல் கம்ப்யூட்டரைப் போட்டார். போட்ட கையோடு டிலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை பார்த்திராத ஒரு நீலப் பக்கம் வந்தது. அதற்குப் பயாஸ் என்று பெயராம். செய்கிற வேலையை அப்போதைக்கு நினைவில் வைத்திருக்கும் ரேம் முதற்கொண்டு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் ஓடவேண்டும் என்பதை அங்கேதான் வைக்கிறார்களாம்.

"இந்த ரேமு அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது கண்ணு. நூறுல ஓட்டலாமாம். அஞ்சு பைசா செலவில்லை."

"கெட்டுப்போயராதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. செஞ்சவன் பயந்துக்கிட்டுக் கம்மியா வெச்சிருப்பான்."

உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளையார் படம் போட்ட பக்கம் முன்பெல்லாம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கும். இப்போது சட்டென்று வந்து நின்றது. அவர் பட்டறையில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் மவுஸ் அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் சரியாகும். சேமிக்காத வேலை போய்விடும். சில சமயம் புரியாத இங்கிலீஷில் நீலத் திரை வரும். ஒரே பத்திரிகையின் உறவினர் பட்டியலை மூன்றாம் முறை அடிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரிடம் சொன்னால், "கரண்டு சரியில்லை" என்றார். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். அப்புறம் வைரஸ் என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினோம். அந்த நூறை மட்டும் அவர் தொடவில்லை.

இந்த நிலையில்தான் கருமத்தம்பட்டியிலிருந்து தறிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டு வந்தார். மாதிரியை எழுத்துக்கூட்டிப் படித்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சேமித்து, டிரேசிங் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். எழுத்து எதையும் நான் தொடவில்லை.

பத்திரிகைக் கட்டை வாங்கிப்போனவர் மறுநாளே திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங் அம்மணி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

படித்தேன். மாப்பிள்ளை பெயருக்கு மேலே மணமகன் என்று இருந்தது. பெண்ணின் பெயருக்கு மேலேயும் மணமகன் என்று இருந்தது.

"நான் பார்த்த காயிதத்துல சரியாத்தானுங்க இருந்துச்சு. அதுக்கப்புறம் கை வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"நான் தொடவே இல்லீங்ணா."

"அப்புறம் எப்படீங்க மாறும்?"

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த 'ங்க'வோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கள் செலவிலேயே மறுபடி அச்சடித்துக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீதான் கவனமில்லாம அடிச்சிருப்பே" என்றார் வீட்டுக்காரர்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது. கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த காந்திபுரம் கடைக்குப் போன் செய்து, எழுத்து தானாக மாறுமா என்று கேட்டேன்.

"மாறுமுங்க. உள்ளுக்குள்ள எழுத்தெல்லாம் நம்பருதானுங்களே. ரேமு தடுமாறினா ஒரு நம்பர் இன்னொண்ணாயிரும். ஆனா அறுபத்தாறுல ஓடினா தடுமாறாதுங்களே?"

"நூறுல ஓடுதுங்க."

"அது அறுபத்தாறுக்குச் செஞ்ச ரேமுங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் நானே டிலீட்டைத் தட்டி உள்ளே போனேன். நூறை அறுபத்தாறாக மாற்றிச் சேமித்தேன். அன்று முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயங்காலம் வந்தவர் ஏதோ திறந்து பார்த்தார், படம் மெதுவாக இறங்கவே மறுபடி நூறாக்கினார். காலையில் நான் குறைத்தேன். வாய்ச்சண்டை இல்லாமலே சில நாள் இப்படிப் போனது. கடைசியில் அவர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். வேகம் நூறிலேயே இருக்கட்டும், ரேம் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் இரண்டிலிருந்து மூன்றாகக் கூட்டி அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் என்றார். காலையில் நன்றாக ஓடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து அறை கொதிக்க ஆரம்பித்ததும் நின்றது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். டிசைன் படங்கள் இருந்த பெரிய ஃபோல்டரை ஒன்றாகச் சுருக்கி, அதையே திரும்ப விரித்தேன். நூறில், பாதியிலேயே கோப்பு பழுது என்று வந்தது. மறுபடி செய்தேன், இந்த முறை வேறொரு கோப்பு பழுது என்றது. அறுபத்தாறுக்கு மாற்றித் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு பிழைகூட இல்லை.

"என்னுங்க சொல்றீங்க? இதுவும் நான் கவனமில்லாம செஞ்சதுங்களா?"

மோட்டாரைப் பார்ப்பதுபோல் பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். "ரேமு மட்டம்" என்றார். அவ்வளவுதான். அறுபத்தாறை அதற்குப் பிறகு தொடவில்லை. எழுத்தை மாற்றியது நானில்லை என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் விலை இறங்கியபோது நூறுக்கென்றே செய்த ரேம் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். கோடை மத்தியானத்திலும் அது நிற்காமல் ஓடியது. நான் செய்து காட்டிய அந்தச் சுருக்கி விரிக்கும் சோதனையை அவரே செய்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? நூறுல ஓடும்னு நான் அப்பவே சொன்னனில்ல?"

கையிலிருந்த டிரேசிங் பேப்பரைக் கசக்கி எறியலாம்போல இருந்தது. அது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பத்திரிகை. எறியாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன்.