பியட்டைக் கொன்றது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நின்று ஏழெட்டுப் பேர் கைதட்டினோம். எதற்குத் தெரியுமா? ஒரு பழைய பியட் காரின் சிலிண்டர் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்மூடி, நூல் அளவு மேலே எழும்பியதற்கு!

சிரிக்காதீர்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் விசிலே அடித்திருப்பீர்கள்.

பண்ணை என் மச்சினன் குமரேசனுடையது. காரும் அவனுடையதுதான், ஆசை ஆசையாக வாங்கியது. சில வருஷங்களுக்கு முன்னால் அவன் மனைவி சுமதி — எனக்குத் தங்கச்சி முறை — அதை எடுத்துக்கொண்டு பரமத்தி வேலூருக்கு ஒரு சீர் விசேஷத்துக்குப் போனாள். பாதி வழியில் ஒரே ஆவி. இன்ஜின் கொதித்து நின்றது. அப்புறம் அதற்கு உயிர் வரவேயில்லை.

அன்றிலிருந்து குமரேசனுக்கு ஒரே பாட்டு. "ரேடியேட்டர்ல தண்ணி பார்க்காம ஓட்டி வண்டியைக் கொன்னுபுட்டா." கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு... நாலு பேர் சேர்ந்த இடத்தில் இதைச் சொல்லாமல் பந்தியில் உட்கார மாட்டான். "பார்த்துட்டுத்தானுங்க போனேன்" என்று சுமதி சொன்னால் யார் கேட்டது? ஆம்பளை ஓட்டிக் கெட்டால் வண்டி சரியில்லை. பொம்பளை ஓட்டிக் கெட்டால் பொம்பளை சரியில்லை. அதற்கப்புறம் வந்த புதுக் காரின் சாவி அவள் கைக்குப் போகவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது பியட்டைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகச் சொன்னான். சுமதி விடவில்லை.

"மொதல்ல ஹெட்டைக் கழட்டுங்க. உள்ள என்ன ஆச்சுன்னு பார்க்கோணும். என்ற தப்புன்னா இரும்புக் கடை வரைக்கும் நானே தள்ளிட்டு வாரேன்."

அவள் பேர் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. வண்டி உடைந்து போனால் சாட்சியும் போச்சு! என் காரைப் பார்க்கும் மெக்கானிக் ஜாபர் பாயை சேலத்திலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

பாய் சத்தக்காரர். "அரை மணி நேரத்துல ஹெட்டைக் கையில குடுக்கிறேன் தங்கச்சி" என்று ஆரம்பித்தார். நட்டெல்லாம் கழன்றது. ஹெட்? ம்ஹூம். அடியில் இரும்பு பிளாக், மேலே அலுமினியம் ஹெட், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகள் — அத்தனையும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. டீசல் ஊற்றினார். கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினார். நாலு பக்கமும் தட்டினார். இரும்புக் கோட்டை!

"உளியை வெச்சு நெம்புங்க பாய்" என்றான் குமரேசன்.

"அலுமினியங்க. உளி வெச்சா விரிசல் விட்டுரும். வேற ஹெட்டுக்கு எங்க போறது?"

"அப்ப விட்ருங்க. போனது போகட்டும்." சொன்னவன் முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

சுமதியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. போனில் எப்போதோ பார்த்த ஒரு வீடியோவைச் சொன்னேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் கயிற்றைத் திணிக்க வேண்டும். காரின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் பிஸ்டன் மேலே வரும். கயிற்றுக்குப் போக இடமில்லை... ஹெட்டைத் தூக்கித்தானே ஆக வேண்டும்?

"போனைப் பார்த்து ஹெட் கழட்டறதா?" பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு டீ குடித்தார். பிறகு எழுந்து, "லாரிக்கெல்லாம் நாங்க கயிறு விட்டுத்தாங்க எடுப்போம்" என்றார். ஐடியா அவருடையதாகிவிட்டது. ஆகட்டுமே!

முட்டை லோடு கட்டும் கயிறு வந்தது. பாய் குச்சியால் குத்திக் குத்தித் திணித்தார். ஹேண்டிலைப் பிடிக்கப் போன பண்ணை டிரைவரை விலக்கிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு சுமதியே வந்தாள்.

"மெதுவா தங்கச்சி... வெடுக்குனு இழுக்காதே..."

முதல் சிலிண்டரில் ஒன்றும் நடக்கவில்லை. கயிற்றை உருவி அடுத்ததில் திணித்தார்கள். சுமதி பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்தினாள். "வா சாமி... வா சாமி..." என்று இன்ஜினைக் கொஞ்சவும் செய்தாள். பண்ணை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடிவிட்டார்கள்.

டக்!

அந்தச் சத்தத்துக்குத்தான் கைதட்டினோம். நாலு கை சேர்ந்து ஹெட்டைத் தூக்கினோம். பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹெட்டில் விரிசல் இல்லை. பிளாக்குக்குள் துருப்பிடித்த தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி இருந்திருக்குதே! போறதுக்குத்தான் வழியில்ல" என்றவர், தண்ணீர் ஓடும் ஓட்டையை அடைத்திருந்த எதையோ சுரண்டி எடுத்தார். வெள்ளையும் மஞ்சளுமாக, ரப்பர் மாதிரி ஒரு கட்டி. அதில் குட்டியாக ஓர் ஓட்டுத் துண்டு.

முட்டை ஓடு!

எல்லோரும் குமரேசனைப் பார்த்தோம்.

"அது... ரேடியேட்டர் லேசா ஒழுகுச்சுங்க மாமா. டிரைவருங்க முட்டை ஊத்துவாங்கல்ல... அதான்..."

வழியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் செய்யும் கைவைத்தியம்தான் அது. சூட்டில் முட்டை வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மற்ற ஊர்க்காரன் ஒரு முட்டையோடு நிறுத்துவான். கோழிப்பண்ணைக்காரன் கை நிற்குமா? அந்தக் காருக்கு ஆம்லெட்டே போட்டிருக்கிறான்!

"இத்தனை நாளா தெரிஞ்சேதான் என்னையச் சொன்னீங்களா?" சுமதி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குமரேசன் பாக்கெட்டில் கையை விட்டுப் புதுக் காரின் சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அப்புறமும் கையை நீட்டியபடியே நின்றாள்.

"பியட் சாவியும் குடுங்க. பாய், நீங்க ரெடி பண்ணுங்க. இது இனிமேல் என்ற வண்டி. ஏற்காடு மலைக்கு நான்தான் ஓட்டிட்டுப் போவேன். இவரு பின்னாடி சீட்டு."

எனக்கு அவளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். பின்னே? குற்றவாளி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா... நஷ்ட ஈடு வேண்டாமா?